கேக்குது, ஆனா விளங்கேல்லை

ஆர்ச்வே ஸ்டேஷனில் இருந்து வெளியே வந்து ஹைகேட் ஹில் ஏற்றத்தில் கொஞ்சத் தூரம் நடந்தால், நடைபாதை ஓரத்தில் கம்பி வேலிக்குள் ஒரு கல் நிற்கும். அதன் மேலே ஒரு பூனை இருக்கும். கல் 1821இல் வைத்தது, பூனை 1964இல் வந்து சேர்ந்தது. டிக் விட்டிங்டன் என்ற ஏழைப் பெடியன் லண்டனில் பிழைக்க வழியில்லாமல் ஊரை விட்டுப் போகும்போது இந்த இடத்தில்தான் களைத்துப்போய் இருந்தானாம். அப்போது சென் மேரி-லி-போ தேவாலயத்தின் மணிகள் அடித்தனவாம். திரும்பி வா, உன்னை மேயர் ஆக்குவோம் என்று மணிகள் சொல்வதாக அவனுக்கு விளங்கியதாம். உண்மையான விட்டிங்டன் லண்டனுக்கு மேயராக இருந்து 1423இல் இறந்தவர். கதை அதற்கு வெகுகாலத்துக்குப் பிறகு முளைத்தது.

அந்தத் தேவாலயம் இங்கிருந்து ஏறத்தாழ 4 மைல் தூரத்தில் இருக்கிறது. வாகனம் இல்லாத காலம், காற்றும் அந்தப் பக்கம் இருந்து அடித்திருந்தால் மணி கேட்டிருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் செவிப்புலன் பரிசோதிக்கிற ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னால் அவர் அதை இரண்டாகப் பிரிப்பார். மணிச் சத்தம் கேட்டது ஒன்று. மணி சொன்னது விளங்கியது வேறொன்று. முதலாவதை அளக்க மெஷின் இருக்கிறது. இரண்டாவதை அளப்பதுதான் பாடு.

எங்கள் வீட்டில் இது ஒரு தினசரிப் பிரச்சினை. அம்மாவுக்கு 67 வயது. சின்ன வயதில் ஊரில் வலது காதால் சீழ் வடிந்து வடிந்து, செவிப்பறையில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டையோடேயே கலியாணம், பிள்ளைகள், இடம்பெயர்வு, கொழும்பு, லண்டன் எல்லாம் நடந்தன. தடிமன் வந்தால் காது ஓடும். முழுகும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைத்துக்கொள்வார். யாராவது வலது பக்கம் நின்று கதைத்தால் அம்மா முழு உடம்பையும் திருப்புவார். அது அவருடைய சுபாவம் என்றுதான் சொந்தக்காரர் பலர் இன்றைக்கும் நினைக்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை, ஆர்ச்வேயில் இருப்பது அல்ல. காதுக்கு மேலே இருக்கும் தசையை மூடியிருக்கிற மெல்லிய சவ்வில் ஒரு துண்டு எடுத்து, செவிப்பறை ஓட்டையை அடைத்தார்கள். சில மாதம் கழித்து ஜீபிக்குப் போன கடிதத்தின் பிரதி எங்களுக்கும் வந்தது. ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது, காது உலர்ந்திருக்கிறது, கேள்திறனில் நல்ல முன்னேற்றம், இனி வரத் தேவையில்லை என்று எழுதியிருந்தது.

நான் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அவை சொல்லுறது சரிதான் பிள்ளை. சீழ் நிண்டுட்டுது. பஞ்சு வைக்காமல் முழுகுறன். கேக்குது. ஆனா விளங்கேல்லை."

"விளங்கேல்லை எண்டா என்னம்மா?"

"சத்தம் வருது. கதை வரேல்லை."

நான் வேலை செய்வது மென்பொருள் துறையில். எங்களுக்கு இந்த நிலைமை நல்லாய்த் தெரியும். கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும், சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் வாடிக்கையாளருக்கு உள்ளே போக ஏலாது. அப்படியான நேரத்தில் வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்று நாங்கள் சொல்வதில்லை. எதை அளக்கிறோம் என்று திரும்பிப் பார்ப்போம். அதனால் ஆஸ்பத்திரியிடம் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஓடியோகிராம்களைக் கேட்டு வாங்கினேன்.

ஓடியோகிராம் என்பது ஒரு தலைகீழ் வரைபடம். மேலே 0 டெசிபெல். நல்ல காதுள்ள இளம் ஆட்களுக்குச் சராசரியாக மட்டுமட்டாகக் கேட்கிற சத்தம் அது. கீழே போகப் போகக் காது மோசம். டெசிபெல் நாங்கள் கடையில் நிறுக்கிற கிலோ மாதிரி இல்லை. 10 டெசிபெல் கூடினால் சத்தத்தின் சக்தி 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. இடமிருந்து வலமாகத் தாழ்ந்த சுருதியில் இருந்து உச்ச சுருதி வரை ஹேர்ட்ஸ் கணக்கில் போகும்.

ஒவ்வொரு காதையும் இரண்டு விதமாக அளப்பார்கள். ஹெட்போன் போட்டுச் சத்தத்தை வழமையான பாதையால், செவிப்பறையூடாக அனுப்புவது ஒன்று. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரு சின்ன அதிர்வுப் பெட்டியை வைத்து, செவிப்பறையைத் தாண்டி நேரே உட்காதுக்கு அனுப்புவது மற்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் செவிப்பறையும் அதற்குப் பின்னால் இருக்கிற மூன்று குட்டி எலும்புகளும் விழுங்குகிற பங்கு. சத்திரசிகிச்சை நிபுணரால் திருத்தக்கூடியது அந்தப் பங்கை மட்டும்தான். உட்காதில் உள்ள நரம்பு வேலையை அவர் தொடுவதில்லை. ஆகவே அந்த இடைவெளி எவ்வளவு மூடியது என்பதை வைத்து அவருடைய வேலையை மதிப்பிடுவது நியாயம்தான். 10 டெசிபெலுக்குள் மூடினால் நல்ல வெற்றி என்று எடுப்பார்கள்.

அம்மாவின் வலது காது, ஹெட்போனால் அளந்தது: முன்பு 500, 1000, 2000 ஹேர்ட்ஸ் மூன்றிலும் 60. பின்பு 35, 35, 50. சராசரி 60இல் இருந்து 40க்கு வந்திருக்கிறது. எலும்பு வழி அளவு 25, 25, 40. அது மாறவில்லை. ஆக இடைவெளி 30இல் இருந்து 10 ஆகிவிட்டது. கடிதத்தில் இருந்த 'நல்ல முன்னேற்றம்' இதுதான். ஒரு இலக்கமும் பொய்யில்லை.

ஆனால் அதே தாளில் 4000 ஹேர்ட்ஸ் என்று ஒரு புள்ளியும் இருந்தது. முன்பு 70, பின்பு 75. 5 டெசிபெல் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கக் கூடாது, டெஸ்டே 5 டெசிபெல் படிகளில்தான் நடக்கிறது, நாளுக்கு நாள் அவ்வளவு ஆடும். ஆனால் அந்தப் புள்ளியையும் சராசரியில் சேர்த்தால் முன்னேற்றம் 20 அல்ல, 14க்குக் கொஞ்சம் குறைவு. எந்தச் சுருதிகளைச் சேர்ப்பது என்று யாரோ எடுத்த முடிவால் ஒரே காதுக்கு இரண்டு பெறுபேறு.

உச்ச சுருதியில் என்ன இருக்கிறது? மெய்யெழுத்துகளின் அடையாளம் பெருமளவு அங்கேதான் இருக்கிறது. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த சுருதியில். காது, காசு, காடு என்று மூன்று சொல்லை மெல்லச் சொல்லிப் பாருங்கள். 'கா' மூன்றிலும் ஒன்றுதான், கடைசியில் வரும் உகரமும் ஒன்றுதான். நடுவில் வருகிற ஒரு சின்ன உரசலோ தட்டலோதான் சொல்லைப் பிரிக்கிறது. அம்மாவுக்கு 'கா'வும் 'உ'வும் முன்னைவிட உரத்துக் கேட்கின்றன. நடுவில் இருப்பது பழையபடிதான். சத்தம் வருது, கதை வரேல்லை என்று அவர் சொன்னது இதைத்தான். நான் அட்டவணை போட்டு இரண்டு இரவு பார்த்துக் கண்டுபிடித்ததை அவர் நாலு சொல்லில் முடித்துவிட்டார்.

இந்தச் சிக்கல் மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை நிபுணர்களின் சங்கம் 1995இல் பெறுபேறுகளை எப்படி எழுத வேண்டும் என்று விதி போட்டபோது 500, 1000, 2000 உடன் 3000 ஹேர்ட்ஸையும் சராசரியில் சேர்க்கச் சொன்னது. இன்னொன்றும் சொன்னது: இடைவெளியைக் கணக்குப் பார்க்கும்போது, சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு அளவுகளைத்தான் கழிக்க வேண்டும். புதிய ஹெட்போன் அளவில் இருந்து பழைய எலும்பு அளவைக் கழித்தால் சில நோய்களில் வெற்றி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். 2012இல் இன்னும் ஒரு படி போய், சராசரியை மட்டும் போடாதே, ஒவ்வொரு நோயாளியையும் ஒரு புள்ளியாக வரைந்து காட்டு என்றார்கள். எனக்கு இது மிகவும் பிடித்தது. சராசரிக்குள் ஒளிந்துகொள்ளலாம், புள்ளிப் படத்துக்குள் ஒளிக்க ஏலாது.

விதி போட வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதற்கு லண்டனே பழைய சாட்சி. ஆர்ச்வேயில் இருந்து 17ஆம் இலக்க பஸ் கிரேஸ் இன் ரோட் வழியாகப் போகும். அந்த வீதியில் நெடுங்காலமாக இருந்த காது மூக்குத் தொண்டை ஆஸ்பத்திரி இப்போது ஹன்ட்லி ஸ்ட்ரீட்டுக்கு மாறிவிட்டது. நோர்தர்ன் லைனில் வாரன் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடக்கலாம். அதே ஹன்ட்லி ஸ்ட்ரீட்டில்தான் முந்தி ராயல் இயர் ஹொஸ்பிட்டல் இருந்தது. அதன் வேர் 1816இல் ஜோன் ஹரிசன் கேர்ட்டிஸ் என்பவர் சோஹோவில் தொடங்கிய காது மருந்தகம். கேர்ட்டிஸுக்கு அரச குடும்பத்தின் ஆதரவு இருந்தது, பணக்கார நோயாளிகள் இருந்தார்கள், சுகமாக்கினேன் என்று சொல்லிப் புத்தகங்களும் எழுதினார். சக வைத்தியர் பலர் அவரைப் போலி என்றே சொன்னார்கள். சுகமானது என்று யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று கேட்டால் பதில் இல்லை.

அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த ஜோசப் டொயின்பி நேர் எதிர். இறந்தவர்களின் காதுகள் ஏறத்தாழ 2000ஐ வெட்டிப் பார்த்து, எந்தச் செவிட்டுக்கு எந்த இடம் பழுது என்று எழுதி வைத்தவர். 1850களில் செவிப்பறை ஓட்டைக்கு மெல்லிய ரப்பர் வட்டம் ஒன்றை வெள்ளிக் கம்பியில் பொருத்திக் காதுக்குள் வைத்தார். அம்மாவுக்கு நடந்த சிகிச்சைக்கு அது ஒரு தூரத்து மூதாதை. அந்தக் காலத்தில் அளவுகோல் கடிகாரம். கடிகாரத்தின் டிக் டிக் எத்தனை அங்குலத்தில் கேட்கிறது என்று பார்ப்பார்கள். ஆளுக்காள் கடிகாரம் வேறு, அறையும் வேறு. டொயின்பி 1866இல், காது இரைச்சலுக்கு மருந்து தேடித் தன் மேலேயே குளோரோஃபோமை முகர்ந்து பரிசோதித்தபோது இறந்துபோனார். தன் காதையே அளவுகோலாக்கிய மனிதர்.

கடிகாரம் போய் மெஷின் வந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. காது திருந்தினால் ஆளுக்குப் பிரயோசனமா? 1985இல் பெல்ஃபாஸ்ட்டில் ஸ்மித், பற்றர்சன் என்ற இருவர் இதையே தலைப்பாக வைத்து எழுதினார்கள்: நடுக்காதுச் சத்திரசிகிச்சையின் பலனில் நோயாளியும் நிபுணரும் ஒத்துப்போகிறார்களா? அவர்கள் சொன்ன கைவிதி எளிமையானது. சத்திரசிகிச்சை செய்த காதின் சராசரி 30 டெசிபெல் அல்லது அதைவிட நல்லதாக வர வேண்டும். இல்லையென்றால் மற்றக் காதோடு 15 டெசிபெல் வித்தியாசத்துக்குள் வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால், எத்தனை டெசிபெல் கூடினாலும் ஆளுக்கு மாற்றம் பெரிதாகத் தெரியாது.

காரணம், நாங்கள் ஒரு காதால் வாழ்வதில்லை. நல்ல காது எதுவோ அதுதான் அன்றாட வேலையைச் செய்கிறது. மோசமான காது கொஞ்சம் திருந்தி, அப்போதும் மற்றதைவிட வெகு பின்னால் நின்றால், மூளை பழைய பழக்கத்தையே தொடரும்.

அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வலது காது 40. ஆக 30க்குள் இல்லை. இடது காது 500, 1000இல் 20, 2000இல் 30. சராசரி 23 சொச்சம். வித்தியாசம் ஏறத்தாழ 17. இரண்டு டெசிபெலால் வெளியே நிற்கிறார். மெஷினின் ஆட்டத்துக்குள் அடங்குகிற இரண்டு டெசிபெல்தான், அதை வைத்துச் சத்தியம் பண்ண ஏலாது. ஆனால் ஆஸ்பத்திரியின் அளவுகோலில் வெற்றியான அதே தாள், பெல்ஃபாஸ்ட் அளவுகோலில் தோல்வி.

1991இல் கிளாஸ்கோவில் பிரௌனிங், கேட்ஹவுஸ், சுவான் மூவரும் இதை ஒரு படமாக்கினார்கள். ஒரு அச்சில் சத்திரசிகிச்சை செய்த காது, மறு அச்சில் செய்யாத காது. ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி. இரண்டு காதும் நன்றாய் உள்ளவர்கள் இருக்கிற மூலைக்குப் புள்ளி போய்ச் சேர்ந்ததா என்று கண்ணால் பார்க்கலாம். சத்திரசிகிச்சைக்கு முன்பே இதை வரைந்து, மிக நன்றாக நடந்தால் உங்கள் புள்ளி இவ்வளவு தூரம்தான் நகரும் என்று காட்டவும் முடியும். எங்களுக்கு யாரும் அப்படிக் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் அம்மா சம்மதித்திருப்பார், சீழ் நிற்பதே அவருக்குப் பெரிய விஷயம். ஆனால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்திருக்கும்.

1996இல் கிளாஸ்கோவில் இருந்தே 18 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றும் வந்தது. சிகிச்சைக்குப் பிறகு வாழ்க்கை எப்படி மாறியது என்று கேட்டு, -100இல் இருந்து +100 வரை புள்ளி போடும். காதைப் பற்றியே கேட்காமல் ஆளைப் பற்றிக் கேட்கிற படிவம்.

கடிதத்தையும் ஓடியோகிராம்களையும் எடுத்துக்கொண்டு ஜீபியிடம் போய், விளங்கவில்லை என்று சொல்லித் திரும்பவும் அனுப்பி வைத்தோம். இந்த முறை பேச்சு டெஸ்ட் வைத்தார்கள். விளங்குகிறதா என்று நேரடியாகப் பார்க்கிற டெஸ்ட். சந்தோஷமாகப் போனோம். ஆனால் டெஸ்ட் ஆங்கிலத்தில்.

பிரித்தானியாவில் வழக்கமாகப் பாவிக்கிற பட்டியல் ஆர்தர் பூத்ராய்ட் 1968இல் செய்தது. ஒரு பட்டியலில் 10 சொல், ஒவ்வொன்றிலும் மூன்று ஒலி, மொத்தம் 30 ஒலி. திருப்பிச் சொல்ல வேண்டும், சரியான ஒலிக்கு ஒரு புள்ளி. மிகக் கெட்டித்தனமான ஏற்பாடு. 'ஷிப்' என்பதை 'சிப்' என்று சொன்னாலும் மூன்றில் இரண்டு கிடைக்கும். ஆனால் அம்மா பிறந்த நாளில் இருந்து ஃபேனைப் 'பான்' என்றுதான் சொல்கிறார். 'ஃப' போய் 'ப' வந்தால் அது காதின் பிழையா நாக்கின் பழக்கமா என்று புள்ளி போடுகிறவருக்கு எப்படித் தெரியும்? ஒற்றைச் சொல், முன்பின் வசனம் இல்லை, ஊகிக்க வழியில்லை. அரைவாசிக்கும் குறைவான புள்ளி. உட்காது விளங்கும் திறன் குறைவு என்று குறிப்பு எழுதப்பட்டது.

வெளியே வந்து அம்மா சொன்னார்: "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. ஆனா என்ன சொல்லுது எண்டு தெரியேல்லை. நான் வாயில வந்ததைச் சொன்னன்."

இது சின்ன விஷயமில்லை. அந்தப் புள்ளியை வைத்துத்தான் கருவியால் பலன் வருமா, இன்னொரு சத்திரசிகிச்சை செய்யலாமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். ஆங்கிலம் குறைவு என்பது காது மோசம் என்று பதிவாகிவிட்டால் அது கோப்போடு போகும்.

தமிழில் இப்படி டெஸ்ட் இல்லையா என்றால், உண்டு. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு செவிப்புலன் நிறுவனத்தில் இந்திய மொழிகள் பலவற்றுக்குச் சொற்பட்டியல் தயாரித்தார்கள். தமிழுக்கு 1970களிலேயே வந்துவிட்டது. ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்து வேலை முடிக்க ஏலாது. ஆங்கிலத்தில் ஒற்றை அசைச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழில் எழுத்தில் கல், பல், முள் என்று இருந்தாலும் வாய் திறந்தால் கல்லு, பல்லு, முள்ளு ஆகிவிடும். குறில் நெடில் சொல்லையே மாற்றும். பல்லு வேறு, பாலு வேறு. ல, ள, ழ வேறுபாட்டைச் சோதிக்கலாம் என்றால், அதைப் பேச்சில் பிரிக்காத ஊர்க்காரர் பாதிப்பேர். யாழ்ப்பாணத்து ஆளுக்குச் சென்னைக் குரலில் பதிந்த பட்டியல் சரியா என்பது அடுத்த கேள்வி. எங்கள் சனம் இவ்வளவு பேர் இருக்கிற லண்டனில் அம்மாவுக்கு அப்படி ஒரு பதிவு கிடைக்கவில்லை.

மொழியை நம்பாத அளவுகோலும் இருக்கிறது. நொட்டிங்ஹாமில் 1995இல், செவிக்குள் மின்கருவி பொருத்திய பிள்ளைகளுக்காக 0இல் இருந்து 7 வரை ஒரு படிக்கட்டு செய்தார்கள். 0 என்றால் சுற்றுச் சத்தமே தெரியாது. இடையில், வீட்டுச் சத்தங்களைப் பிரித்து அறிவது ஒரு படி, உதட்டைப் பார்க்காமல் கதை விளங்குவது ஒரு படி. 7 என்றால் தெரிந்தவரோடு ரெலிபோனில் கதைக்க முடியும். தமிழ்நாட்டில் அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கருவியை இலவசமாகப் பொருத்துகிறார்கள். அப்படியான பிள்ளைகளின் முன்னேற்றத்தைச் சொல்ல உலகெங்கும் இந்தப் படிக்கட்டைப் பாவிக்கிறார்கள். பிள்ளை எந்த மொழியில் வளர்ந்தாலும் படி ஒன்றுதான்.

அம்மாவுக்கு உதவியது இன்னும் எளிமையான ஒன்று. அவுஸ்திரேலியாவில் ஹார்வி டில்லனும் கூட வேலை செய்தவர்களும் 1997இல் வெளியிட்ட முறை. அதில் கேள்விகளே கிடையாது. உங்களுக்கு எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்று நோயாளி தானே ஐந்து வரை சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு அந்த ஐந்திலும் எவ்வளவு மாற்றம், இப்போது எத்தனை வீதம் விளங்குகிறது என்று அவரே சொல்ல வேண்டும். சோதனைத் தாளையே பரீட்சை எழுதுகிறவர் தயாரிக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கக் கேட்க அம்மா சொன்னார், கடித உறையின் பின்பக்கத்தில் எழுதினேன்.

ஒன்று, சுன்னாகத்தில் இருக்கிற சின்னம்மா வட்ஸ்அப்பில் எடுக்கும்போது கதை விளங்க வேணும். இரண்டு, ஆர்ச்வே ரோட் முருகன் கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் கேட்டால் ஒருமுறையில் பிடிபட வேணும், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள். மூன்று, ஜீபி ரிசெப்ஷனில் ரெலிபோனில் பிறந்த திகதி கேட்கிறார்களா விலாசம் கேட்கிறார்களா என்று தெரிய வேணும். நாலு, அடுப்படியில் நிற்கும்போது மைக்ரோவேவின் 'பீப்' கேட்க வேணும். ஐந்து, 43ஆம் இலக்க பஸ்ஸில் பேரன் கதைப்பது விளங்க வேணும்.

ஐந்தில் நாலு, பேச்சு விளங்குவது. ஒன்றுதான் வெறும் சத்தம். கடிதத்தில் இருந்த 'நல்ல முன்னேற்றம்' அந்த ஒன்றுக்குக்கூட உதவவில்லை. பீப் உச்ச சுருதி.

அந்த உறையை அடுத்த அப்பொயின்ட்மென்டுக்குக் கொண்டுபோனோம். இந்தமுறை மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். வந்த ஒடியோலொஜிஸ்ட் உறையை வாங்கி வாசித்துவிட்டுச் சிரித்தார், இதைத்தான் நான் கேட்க இருந்தேன் என்றார். இரண்டு காதுக்கும் கருவி தந்தார்கள். வலது காது உலர்ந்திருப்பதால்தான் அதற்கும் அச்சு எடுத்துக் கருவி பொருத்த முடிந்தது. சீழ் வடிகிற காதை அடைத்து வைக்க ஏலாது. ஆகவே சத்திரசிகிச்சை வீணில்லை. அதன் பலன் வேறு இடத்தில் வந்தது, கடிதத்தில் எழுதியிருந்த இடத்தில் அல்ல.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் சில விஷயங்கள். ஓடியோகிராமின் பிரதி உங்கள் உரிமை, கேட்டால் தர வேண்டும், வழமையாகக் காசு இல்லை. முன்னது பின்னது இரண்டையும் கேளுங்கள், கடிதத்தில் இருக்கும் ஒரு வரி போதாது. எந்தச் சுருதிகளின் சராசரி, மற்றக் காது எவ்வளவு என்று பாருங்கள். என்.எச்.எஸ். மொழிபெயர்ப்பாளர் இலவசம், அப்பொயின்ட்மென்ட் போடும்போதே சொல்ல வேண்டும். மகளையோ பேரனையோ இருத்தி வேலையை முடிக்க விடாதீர்கள். பிள்ளைகள் சுருக்கித்தான் சொல்வார்கள், எனக்கும் அந்த ஆசை வரும். பேச்சு டெஸ்ட் ஆங்கிலத்தில் நடந்தால், ஆங்கிலம் இவருடைய மொழியல்ல என்று பெறுபேற்றுக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவின் கோப்பில் இப்போது அந்த வரி இருக்கிறது. என்.எச்.எஸ். கருவிக்கும் பற்றரிக்கும் காசு இல்லை. ஆகவே ஒரு கிழமை போட்டுவிட்டு மேசை லாச்சிக்குள் வைப்பதற்கு அது ஒரு காரணமும் இல்லை.

பத்துக் கிழமை கழித்து அம்மா தன் ஐந்துக்கும் தானே புள்ளி போட்டார். சின்னம்மாவின் அழைப்பு: மிக நல்ல மாற்றம், முக்கால்வாசி விளங்குது. மைக்ரோவேவ்: நல்லாய்க் கேக்குது, இப்ப கொஞ்சம் அரியண்டம். கோயில்: சிறிது மாற்றம். மேளம் தொடங்கினால் கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுவார். ஜீபி ரிசெப்ஷன்: மாற்றம் இல்லை. அது காதின் குற்றமல்ல என்பது அவருடைய தீர்ப்பு, நானும் ஒத்துக்கொள்கிறேன்.

பஸ்ஸுக்கு என்ன போடுவது என்று ஒடியோலொஜிஸ்ட் கேட்டார். பேரன் சொல்வது இப்போது விளங்குகிறது, ஆனால் அம்மா 'மாற்றம் இல்லை' என்றே போடச் சொன்னார். ஏன் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டதற்கு அம்மா விளக்கினார்.

"பெடியன் இப்ப இடது பக்கம் வந்திருந்து, என்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கிறான். அது அவன் செய்தது. மெஷினுக்கு ஏன் மார்க்ஸ்?"

ஒடியோலொஜிஸ்ட் அதை அப்படியே குறிப்பில் எழுதிக்கொண்டார்.